மாற்றுச் சிறுநீரகமும் மன அமைதியும்

நம் சங்கத்து அன்பர்கள் என்னைப் பார்க்கும்போதெல்லாம் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "சார், இப்போ எல்லாம் சரியாயிடுச்சா?" என்பார்கள். அன்பினால் கேட்கிறார்கள் என்பதில் சந்தேகமே இல்லை. நானும் "ஆண்டவன் புண்ணியத்தில் நன்றாக இருக்கிறேன்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவேன். பொங்கல் விழாக் கூட்டத்தில், கையில் இலைத்தொன்னையோடு நிற்பவரிடம் அதற்கு மேல் என்ன சொல்ல முடியும்? ஆனால் அந்தக் கேள்விக்கு உண்மையான பதில் 'ஆம்' என்பதும் அல்ல, 'இல்லை' என்பதும் அல்ல. மலர்க் குழுவினர் இம்முறை ஒரு கட்டுரை கேட்டபோது, அந்தப் பதிலையே சற்று விரிவாக எழுதலாமே என்று தோன்றியது. நம் சங்கத்திலேயே இப்போது இரண்டு குடும்பங்களில் டயாலிசிஸ் நடந்துகொண்டிருக்கிறது என்பதும் ஒரு காரணம்.

என்னைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. லால்குடிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். திருச்சியில் சிவில் டிப்ளமா முடித்து, 1981-ல் ரயில்வேயில் சேர்ந்து கரக்பூர் வந்தேன். தண்டவாளப் பராமரிப்புப் பிரிவில் முப்பத்தேழு ஆண்டுகள் வேலை பார்த்து 2018-ல் ஓய்வு பெற்றேன். வெயிலும் ஜல்லியும் டிராலியுமாகப் போன வாழ்க்கை. நாற்பத்தைந்து வயதிலிருந்தே இரத்த அழுத்தம் உண்டு. அது சத்தமில்லாமல் இரண்டு சிறுநீரகங்களையும் அரித்துக்கொண்டிருந்தது என்பது 2016-ல்தான் தெரியவந்தது. மறு வருடம் நடுவில் டயாலிசிஸ் தொடங்கியது. 2019 பிப்ரவரியில், வேலூரில், என் மனைவி கொடுத்த சிறுநீரகம் எனக்குப் பொருத்தப்பட்டது.

வங்காளத்தில் இருப்பவர்களுக்கு வேலூர் என்ற பெயரை விளக்க வேண்டியதில்லை. காட்பாடி வழியாகப் போகும் வண்டி கரக்பூரில் வந்து நின்றால், எக்ஸ்ரே உறைகளை மார்போடு அணைத்துக்கொண்டு ஏறும் குடும்பங்களை நான் முப்பது வருடமாகப் பார்த்திருக்கிறேன். வேலூர் ஆஸ்பத்திரித் தெருக்களில் பாதி விளம்பரப் பலகைகள் வங்காள எழுத்தில் இருக்கும். சாப்பாட்டுக் கடையில் மீன் குழம்பும் வங்காள ருசிதான். நாற்பது வருடம் கழித்துச் சொந்த மாநிலத்தில் மூன்று மாதம் தங்கினேன். அங்கும் லாட்ஜில் அடுத்த அறைக்காரர்களுக்கு மொழிபெயர்த்துக்கொண்டு வங்காளிதான் பேசிக்கொண்டிருந்தேன். உயிரோடிருக்கும் ஒருவர் தந்த சிறுநீரகத்தைப் பொருத்தும் அறுவை இந்தியாவில் முதன்முதலாக வெற்றி கண்டது 1971-ல் வேலூர் சி.எம்.சி.யில்தான். அரை நூற்றாண்டு அனுபவம் உள்ள ஊர். ஆகவே ஜனங்கள் அங்கே போவதில் வியப்பில்லை.

டயாலிசிஸ் காலத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வாரம் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். நாளொன்றுக்கு ஒரு லிட்டர் திரவம், அவ்வளவுதான். காபி, மோர், ரசம், மாத்திரை விழுங்கும் தண்ணீர் எல்லாம் அதற்குள் அடக்கம். வாழைப்பழம், இளநீர், தக்காளி விலக்கு. காய்களை வேகவைத்து நீரை வடித்துக் கொட்டிவிட்டுச் சமைக்க வேண்டும். சித்திரை வெயிலில் கரக்பூரில் இருந்து பார்த்தவர்களுக்குத்தான் ஒரு லிட்டர் தண்ணீரின் அருமை தெரியும். ஐஸ் கட்டி ஒன்றை வாயில் ஒதுக்கிக்கொண்டு அரை மணி ஓட்டுவேன்.

அறுவை முடிந்த மறுநாள் மருத்துவர் சொன்ன முதல் கட்டளை, "நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும்" என்பது. காதில் தேன் பாய்ந்தது என்பார்களே, அப்படி இருந்தது. அன்றைக்குச் செவிலியர் கொண்டுவந்து வைத்த தண்ணீரைக் குடித்த குடி இன்னும் நாக்கில் இருக்கிறது. மாதங்களாக வற்றிப்போயிருந்த சிறுநீர் பையில் நிரம்புவதை, புதிதாய் இறவைப் பம்பு போட்ட விவசாயி வாய்க்காலைப் பார்ப்பது போல் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். வாரத்துக்குப் பன்னிரண்டு மணி நேரம் இயந்திரத்தோடு கட்டிப் போட்டிருந்தவனுக்கு அது விடுதலைதான். ஆகவே கீழே நான் எழுதப்போவதைப் படித்துவிட்டு யாரும் மாற்று அறுவையே வேண்டாம் என்று முடிவுகட்டிவிடக் கூடாது. டயாலிசிஸில் இருப்பவர்களைவிட மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர்களின் வாழ்க்கைத் தரம் பொதுவாக மேலானது என்றுதான் ஆய்வுகள் சொல்கின்றன. நோயே இல்லாதவர்களின் அளவுக்கு அது எட்டுவதில்லை என்றும் அதே ஆய்வுகள் சொல்கின்றன. அந்த இடைவெளியில் என்ன இருக்கிறது என்பதுதான் இக்கட்டுரை.

முதலில் ஒரு தகவல். பலர் நினைப்பது போல் பழைய சிறுநீரகங்களை எடுத்துவிட்டு அந்த இடத்தில் புதியதை வைப்பதில்லை. பெரும்பாலும் பழையவை அப்படியே இருக்க, புதியது அடிவயிற்றில் ஒரு பக்கம் வைக்கப்படுகிறது. காலுக்குப் போகும் பெரிய இரத்தக் குழாயோடு அதை இணைக்கிறார்கள். ஆக எனக்கு இப்போது மூன்று, என் மனைவிக்கு ஒன்று. கணக்கில் நியாயமில்லைதான்.

உடம்புக்கு அந்தப் புதிய உறுப்பு என்றைக்குமே அந்நியம். மனைவி கொடுத்தது, அன்பாகக் கொடுத்தது என்பதெல்லாம் நம் இரத்தத்தில் உள்ள காவல் அணுக்களுக்குத் தெரியாது. விட்டால் தாக்கி அழித்துவிடும். அந்தக் காவலைத் தணித்து வைக்கத்தான் மருந்துகள். எனக்கு டாக்ரோலிமஸ், மைக்கோபினலேட், பிரெட்னிசலோன் என்று மூன்று. இதில் டாக்ரோலிமஸ், ஜப்பானில் ட்சுகுபா பகுதியில் எடுத்த மண்ணில் இருந்த ஒரு நுண்ணுயிரிலிருந்து 1984-ல் கண்டுபிடிக்கப்பட்டது. வாழ்நாள் முழுக்க மண்ணோடு மல்லுக்கட்டியவனுக்கு மண்ணே மருந்தாகவும் வந்தது! இந்த மருந்துகளை உறுப்பு வேலை செய்யும் காலம் முழுவதும் சாப்பிட வேண்டும். பலரும் நினைப்பது போல் ஆறு மாதம், ஒரு வருடம் என்று முடிகிற விஷயம் அல்ல.

ரயில்வேக்காரன் என்பதால் எனக்கு இதை இப்படித்தான் விளங்கிக்கொள்ள முடிந்தது. தண்டவாளத்தைத் தோண்டிப் புதுப்பித்த இடத்தில் வண்டியை உடனே முழு வேகத்தில் விட மாட்டோம். காஷன் ஆர்டர் கொடுப்போம். முதலில் மணிக்கு 20 கிலோமீட்டர், ஜல்லி இறுகியபின் 45, பிறகு 75, அதன்பின் வழக்கமான வேகம். காஷன் எடுத்தாகிவிட்டது என்றால் டிரைவர் அந்த இடத்தை மறந்துவிடலாம். மாற்று உறுப்பிலும் வேகம் படிப்படியாகக் கூடுகிறது. முதல் மாதங்களில் வாரம் இருமுறை பரிசோதனை, பிறகு வாரம் ஒன்று, மாதம் ஒன்று, இப்போது எனக்கு மூன்று மாதத்துக்கு ஒன்று. ஆனால் காஷன் போர்டை மட்டும் யாரும் கழற்றுவதில்லை. மனத்துக்கு வரும் அலுப்பெல்லாம் அங்கிருந்துதான் வருகிறது.

முதல் இரண்டு மாதம் எனக்கு நடந்தது வேடிக்கை. இரவு இரண்டு மணிக்கு உற்சாகம் பொங்கி எழும். லாட்ஜ் அறையில் உட்கார்ந்து வீடு கட்டுவதற்கு பிளான் போடுவேன். காலையில் இட்லி ஆறிப்போயிருக்கிறது என்பதற்காக மனைவியிடம் சீறுவேன். அவள் வயிற்றிலும் தையல் ஆறாத நேரம். பசியோ, யானைப் பசி. முகம் பௌர்ணமி நிலவு போல் உப்பிவிட்டது. இவை அனைத்தும் ஸ்டீராய்டு மருந்தின் விளைவு, அளவு குறையக் குறையத் தானே அடங்கும் என்று மருத்துவர் எங்கள் இருவரையும் உட்கார வைத்துச் சொன்னார். என் மனைவிக்கு அதன்பிறகுதான் மூச்சு வந்தது. அறுவைக்குப் பின் வீட்டுக்காரர் புது மனிதராகக் கத்துகிறாரே என்று பயப்படும் குடும்பங்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. கத்துவதில் பாதி மாத்திரை.

டாக்ரோலிமஸ் வேறு வகை. கையில் மெல்லிய நடுக்கம். டவராவில் காபியை ஆற்றினால் வேட்டியில் கொட்டும். மில்லிமீட்டர் சுத்தமாகக் கோடு போட்டுப் பழகிய கை, வங்கியில் கையெழுத்துப் பொருந்தவில்லை என்று திருப்பி அனுப்பப்பட்டது. மருந்தின் அளவு குறைந்தபின் நடுக்கமும் குறைந்தது. புதிதாகச் சர்க்கரையும் வந்துவிட்டது. அதுவும் இம்மருந்துகளால் பலருக்கு வருவதுதான்.

காலை எட்டு, இரவு எட்டு. பன்னிரண்டு மணி நேர இடைவெளி. கல்யாண வீடாகட்டும், ரயிலாகட்டும், கோவில் வரிசையாகட்டும், என் பையில் மணி அடிக்கும். இரத்தத்தில் மருந்தின் அளவு பார்க்கும் நாளில் மட்டும், காலை மாத்திரைக்கு முன் இரத்தம் கொடுத்துவிட்டுப் பிறகுதான் விழுங்க வேண்டும். பயணத்தில் மாத்திரையைப் பெட்டியில் வைக்காதீர்கள். கைப்பையில் ஒரு பங்கு, துணைக்கு வருபவரிடம் ஒரு பங்கு. மருந்துக் கடைக்காரர் "இதுவும் அதே மருந்துதான் சார், வேற கம்பெனி" என்று தந்தால், உங்கள் மருத்துவரைக் கேட்காமல் வாங்கக் கூடாது. கம்பெனி மாறினால் இரத்தத்தில் சேரும் அளவும் மாறலாம், மறுபடி பார்க்க வேண்டும்.

சாப்பாட்டில் எனக்கு வந்த சங்கடம் பக்கத்து வீட்டிலிருந்து. எங்கள் அண்டை வீட்டு வங்காளி அம்மையார் தோட்டத்தில் பம்பளிமாஸ் காய்த்துத் தொங்கும். இங்கே பாதாபி லேபு என்பார்கள். உப்பும் மிளகாயும் கடுகு விழுதும் சேர்த்துப் பிசைந்து "தாதா, காபேன்" என்று வருடாவருடம் கொண்டுவந்து தருவார். (நம் ஊர் 'தாதா' இல்லை, இங்கே அண்ணன் என்று பொருள்.) பம்பளிமாஸும் அதன் இனமான கிரேப் ஃப்ரூட்டும் டாக்ரோலிமஸின் அளவை இரத்தத்தில் ஏற்றிவிடும். ஆகவே தொடக்கூடாது. சாதாரணக் கமலாப்பழம் சாப்பிடலாம். இதை அவருக்கு விளக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. இப்போது எனக்குப் பப்பாளி வருகிறது. ஊரிலிருந்து கஷாயம், லேகியம் அனுப்பும் உறவினர்களிடமும் இதே பாடுதான். நல்ல எண்ணம்தான், ஆனால் எந்த நாட்டு மருந்து எந்த மருந்தோடு மோதும் என்பது தெரியாமல் வாயில் போட முடியாது. அதைவிட ஆபத்து, மூட்டு வலிக்கு நாமே வாங்கிப் போட்டுக்கொள்ளும் டைக்ளோஃபினாக், இபுபுரூஃபன் வகையறா. அவை சிறுநீரகத்தையே தாக்கக்கூடியவை.

நிற்க. இதெல்லாம் பழகிவிடும். பழகாதது ஒன்று உண்டு. அது கிரியேட்டினின் என்ற எண்.

டயாலிசிஸில் இருந்தபோது எனக்கு அது எட்டு, ஒன்பது என்று இருக்கும். அறுவைக்குப் பின் 1.2-ல் வந்து நின்றது. அதன்பின் எங்கள் வீட்டின் பருவநிலையே அந்த எண்தான். இரத்தம் கொடுத்த நாளில் வீட்டில் யாரும் சரியாகப் பேச மாட்டார்கள். புனேயிலிருந்து மகள் மாலைக்குள் மூன்று முறை போன் செய்வாள். "சாப்பிட்டீங்களாப்பா" என்பாள், கேட்க வந்தது அதுவல்ல என்று எனக்குத் தெரியும். ஒரு முறை 1.5 என்று வந்தது. அன்றிரவு இருவரும் தூங்கவில்லை. மறுநாள் பேசியபோது, இரண்டு நாள் வயிற்றுப்போக்கில் நீர் குறைந்ததுதான் காரணம், நன்றாகத் தண்ணீர் குடித்துவிட்டு மீண்டும் பாருங்கள் என்றார் மருத்துவர். 1.3 வந்தது. அளவைகளோடு வாழ்ந்தவன் நான். ஒரே ஓர் அளவை வைத்துத் தண்டவாளத்தைப் பிடுங்கச் சொல்ல மாட்டோம். தொடர்ந்து எப்படிப் போகிறது என்பதைத்தான் பார்ப்போம். இது தெரிந்திருந்தும், தன் உடம்பு என்று வரும்போது அறிவு ஒரு பக்கம், அடிவயிறு ஒரு பக்கம். இப்போது ஒரே பரிசோதனைக் கூடத்தில் பார்த்து, எண்களை ஒரு கிராஃப் தாளில் புள்ளி வைத்து வருகிறேன். கோடு ஏறக்குறையச் சமமாக ஓடுவதைக் கண்ணால் பார்த்தால் கொஞ்சம் நிம்மதி.

மனத்தில் இருப்பதை வெளியே சொல்லலாம் அல்லவா என்பீர்கள். அங்கேதான் சிக்கல். மாற்று உறுப்பு பெற்றவனுக்குப் புலம்ப உரிமை இல்லை என்று ஊரே தீர்மானித்துவிடுகிறது. "உங்களுக்கு என்ன சார், மறுபிறவி! வீட்டம்மா தெய்வம்!" என்பார்கள். இரண்டும் உண்மை. ஆனால் அதைக் கேட்டபின், எனக்குத் தூக்கம் வரவில்லை, எதிலும் பிடிப்பில்லை, பேப்பர் படிக்கக்கூட மனமில்லை என்று எப்படிச் சொல்வது? மனைவியிடம் சொன்னால், நான் கொடுத்தும் இவர் முகம் மலரவில்லையே என்று நினைப்பாளோ என்ற தயக்கம். அவளோ தன் இடுப்பு வலியை என்னிடம் சொல்ல மாட்டாள். சொன்னால் நான் குற்ற உணர்வில் குன்றிவிடுவேனாம். இப்படி ஒரே கூரையின் கீழ் இருவரும் ஒருவரையொருவர் காப்பாற்றிக்கொண்டு வாய்மூடி இருந்தோம். இதற்கு நடுவே 2020 மார்ச்சில் கொரோனாவால் பயணிகள் ரயில்களெல்லாம் நின்றன. என் பணிக்காலம் முழுவதிலும் காணாத காட்சி அது. வேலூர் பரிசோதனைக்குப் போக வழியில்லை. காவலைத் தணித்து வைத்திருக்கும் உடம்பு என்பதால் வீட்டு வாசலுக்கே பயம். பின்னர் தடுப்பூசி வந்தபோதும், எங்களைப் போன்றவர்களுக்கு அது மற்றவர்களுக்குப் போல் முழுப் பலன் தராது என்றார்கள். பேரன் பிறந்து பதினோரு மாதம் கழித்துத்தான் அவனைத் தூக்கினேன்.

அந்த வருடக் கடைசியில் தொலைபேசியில் மருத்துவர், எண்களையெல்லாம் கேட்டுவிட்டு, "தூக்கம் எப்படி?" என்றார். அந்த ஒரு கேள்விக்கு நான் பத்து நிமிடம் பதில் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவே இல்லை. அறுவைக்குப் பின் மனச்சோர்வும் பதற்றமும் வருவது பரவலானது, மருந்தும் ஒரு காரணம், நிலைமையும் ஒரு காரணம், இதற்கும் சிகிச்சை உண்டு என்று சொல்லி மனநல மருத்துவர் ஒருவரிடம் அனுப்பினார். எட்டு மாதம் ஒரு சிறு மாத்திரை, அதுவும் என் மற்ற மருந்துகளோடு மோதாததாகத் தேர்ந்தெடுத்தது. மாதம் இருமுறை பேச்சு. கூடவே நடை. கரக்பூரின் நீண்ட பிளாட்பாரம் 1072 மீட்டர். உலகிலேயே நீளமானது என்று நாங்கள் பெருமை பேசிக்கொண்டிருந்தோம். 2013-ல் கோரக்பூரும் 2023-ல் 1507 மீட்டரோடு ஹுப்பள்ளியும் அதைப் பறித்துக்கொண்டன. இருந்தாலும் அதிகாலையில் முகக்கவசத்தோடு ஒரு முறை போய்த் திரும்பினால் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் ஆகிறது. பழைய கேங்மேன் யாராவது எதிர்ப்பட்டு, ரயிலைப் பற்றிப் பேசுவார், கிரியேட்டினினைப் பற்றிக் கேட்க மாட்டார். அது ஒரு மருந்து.

மனச்சோர்வைப் பற்றி இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. வேலூர் லாட்ஜில் எங்கள் எதிர் அறையில் ஒரு வங்காளி இளைஞர், தாயின் சிறுநீரகம் பெற்றவர், இருந்தார். அப்போது இருபத்தாறு வயது. ஊர் திரும்பியபின்னும் தொடர்பில் இருந்தார். ஸ்டீராய்டில் உப்பிய முகத்தை நண்பர்கள் கேலி செய்தார்கள். வேலைக்கு நேர்முகம் போகும் இடத்தில் நோயை மறைக்க வேண்டியிருந்தது. பெண் பார்க்கும் பேச்சு இரண்டு இடத்தில் நின்றது. மூன்றாம் வருடம் ஒரு வேளை மாத்திரையை விட்டுப் பார்த்தாராம். ஒன்றும் ஆகவில்லை. பிறகு ஒரு நாள். பிறகு ஒரு வாரம். உடம்பு உடனே சொல்லாது, அதுதான் மோசம். சொன்னபோது சிறுநீரகம் மீட்க முடியாத நிலைக்குப் போய்விட்டது. 2022-லிருந்து மீண்டும் டயாலிசிஸ். அவரைப் பொறுப்பில்லாதவர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவருக்கு இருந்தது அலட்சியம் அல்ல, அலுப்பு. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. மாத்திரையைச் சரியாகச் சாப்பிடாததுதான் நாள்பட்ட மாற்று உறுப்புகள் பழுதாவதற்கு முக்கியமான காரணங்களில் ஒன்று என்பது மருத்துவ உலகம் நன்கு அறிந்தது. ஆகவே மனநிலை என்பது 'அதெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்று ஒதுக்கும் விஷயம் அல்ல, சிறுநீரகத்தின் ஆயுளே அதில் தொங்குகிறது.

அந்த இளைஞரின் தாயார் இப்போதும் என் மனைவியிடம் போனில் பேசுவார். பெண்ணைக் கட்டிக் கொடுத்த இரண்டு தாய்மார்கள் பேசிக்கொள்வது போல இருக்கும். "உங்களுடையது அங்கே நன்றாக இருக்கிறதா?" என்று கேட்பாராம்.

கொடுத்தவரைப் பற்றி நம்மவர்கள் கேட்பதே இல்லை. நம் நாட்டில் உயிரோடிருந்து சிறுநீரகம் கொடுப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். 1994-ல் வந்த உறுப்பு மாற்றுச் சட்டத்தின்படி, விலைக்கு வாங்கவோ விற்கவோ கூடாது. கணவன், மனைவி, பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோர் போன்ற நெருங்கிய உறவினர் கொடுக்கலாம். 2011-ல் செய்த திருத்தத்தில் தாத்தா பாட்டி, பேரப்பிள்ளைகளும் சேர்ந்தனர். கணவன் மனைவி என்பதற்குச் சான்று கேட்டார்கள். எங்களுக்கு 1985-ல் லால்குடியில் எடுத்த கருப்பு வெள்ளைக் கல்யாணப் படம் உதவியது. என்னை வெளியே அனுப்பிவிட்டு, "யாராவது வற்புறுத்தினார்களா?" என்று அவளைத் தனியாகக் கேட்டார்கள். என்ன சொன்னாய் என்று நான் பலமுறை கேட்டும், "அது எனக்கும் அவங்களுக்கும்" என்று முடித்துவிட்டாள். கொடுத்தவருக்கும் ஆண்டுதோறும் இரத்த அழுத்தம், கிரியேட்டினின், சிறுநீரில் புரதம் ஆகியவை பார்க்க வேண்டும். என் பரிசோதனைத் தேதி வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அவளுடையது காலண்டரில் நான் எழுதி வைத்தால்தான் உண்டு.

ஒற்றைச் சிறுநீரகத்தோடு எத்தனை காலம் இருக்க முடியும் என்று அவளுக்கு உள்ளூர ஒரு கவலை இருந்தது. நான் ஒரு கதை சொன்னேன். கதை அல்ல, நடந்தது. உலகில் முதன்முதலில் வெற்றி கண்ட சிறுநீரக மாற்று 1954 டிசம்பர் 23-ல் அமெரிக்காவின் பாஸ்டனில் நடந்தது. ரொனால்டு ஹெரிக் என்பவர் தன் இரட்டைச் சகோதரர் ரிச்சர்டுக்குக் கொடுத்தார். ஒரே கருவில் பிரிந்த இரட்டையர் என்பதால் உடம்பு அந்நியம் என்று தள்ளவில்லை. அறுவை செய்த ஜோசப் மர்ரேக்கு 1990-ல் நோபல் பரிசு கிடைத்தது. பெற்றுக்கொண்ட ரிச்சர்டு தன்னைக் கவனித்த செவிலியரையே மணந்து எட்டு ஆண்டுகள் வாழ்ந்தார். கொடுத்த ரொனால்டோ, ஆசிரியராக வேலை பார்த்து, 79 வயது வரை இருந்து 2010-ல்தான் காலமானார். ஒரே சிறுநீரகத்தோடு ஐம்பத்தாறு ஆண்டுகள். "அப்போ எனக்கும் எழுபத்தொன்பது கேரண்டியா?" என்றாள். டிப்ளமா என்ஜினீயரிடம் கேரண்டி கேட்கலாமா!

உறவினர்களுக்கு ஒரு வேண்டுகோள். அறுவை முடிந்து வருடங்கள் ஆனபின்னும் நோயாளியைக் கண்ணாடிச் சாமான் போல் வைத்திருக்காதீர்கள். முதல் வருடம் கூட்டத்தைத் தவிர்ப்பது, வெளியில் வெட்டி வைத்த பழம், ஃபுச்கா இவற்றை ஒதுக்குவது எல்லாம் அவசியம். ஆனால் பல்பு மாற்ற ஸ்டூலில் ஏறினால் அலறுவது, காய்கறி வாங்கப் போனால் பின்னாலேயே ஆள் அனுப்புவது, இவையெல்லாம் அவனை என்றென்றைக்கும் நோயாளியாகவே உட்கார வைத்துவிடும். மாற்று உறுப்பு பெற்றவர்களுக்கென்றே உலக விளையாட்டுப் போட்டி 1978-ல் இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத்தில் தொடங்கியது. அதில் ஓடுகிறார்கள், நீந்துகிறார்கள். நான் ஓடப்போவதில்லை. மார்க்கெட்டுக்குத் தனியாகப் போய் வர அனுமதி வாங்கியிருக்கிறேன்.

டயாலிசிஸுக்கோ மாற்று அறுவைக்கோ ரயிலில் போகிறவர்கள், நோயாளிக்கும் துணைக்குப் போகும் ஒருவருக்கும் கட்டணச் சலுகை உண்டு என்பதை மறக்க வேண்டாம். இரண்டாம் வகுப்பு, ஸ்லீப்பர், மூன்றடுக்கு ஏ.சி.யில் 75 சதவிகிதம். மருத்துவமனை தரும் உரிய படிவத்தோடு முன்பதிவு அலுவலகத்தில் கேட்க வேண்டும். ஓய்வு பெற்ற ரயில்வேக்காரர்களுக்கு நம் மருத்துவத் திட்டத்திலேயே மருந்து கிடைக்கிறது. மருத்துவ அட்டை காலாவதியாகாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

இப்போது டயாலிசிஸில் இருக்கும் நம் இரண்டு குடும்பங்களுக்கும், இனிமேல் வேலூரோ வேறு ஊரோ போக நேர்பவர்களுக்கும் சொல்லிக்கொள்வது இதுதான். சங்கத்தில் தகவல் வைத்தால் நானும் என் மனைவியும் வந்து பேசுகிறோம். லாட்ஜ், சாப்பாடு, படிவம் எல்லாம் நான் சொல்வேன். கொடுக்கப் போகிறவர் பெண்ணாக இருந்தால் அவர் என் மனைவியிடம் தனியாகப் பேசட்டும். நான் பக்கத்தில் இருந்தால் அவள் முழுதாகச் சொல்ல மாட்டாள்.